செவ்வாய் வியாழன் கணக்கு

அந்தக் கல்லூரியில் சேர எந்தத் தகுதியும் வேண்டாம். 'எல்லோருக்கும் இடம் உண்டு' என்று வாசலிலேயே ஆளுயர எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே போக இடம் உண்டு, வாஸ்தவம்தான். வெளியே வருவதைப் பற்றி அந்தப் பலகையில் ஒன்றும் எழுதவில்லை.

சமுதாயக் கல்லூரி என்று பெயர். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத பிள்ளைகள், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், ஓய்வு பெற்று வீட்டில் உட்கார முடியாதவர்கள் என்று எல்லோரும் அங்கே வந்து விழுவார்கள். பக்கத்து நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்று சொல்லவே முடியாது. பத்தொன்பது வயதுப் பையன் தூங்கிக்கொண்டிருப்பான். அவனுக்கு அடுத்து அவன் அம்மா வயதில் ஒருத்தி மூன்று நிறப் பேனாவால் குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பாள்.

மூன்று நிறப் பேனாக்காரிதான் சித்தி. அவளுடைய அக்கா மகளும் அதே வகுப்பில் படித்தாள். அவள் 'சித்தி, சித்தி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, முதல் மாதத்திலேயே இவள் வகுப்பு முழுவதற்கும் சித்தியாகிவிட்டாள். வாத்தியார்கூட வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல், "சித்தி வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்.

சித்திக்கு நாற்பத்திரண்டு வயது. பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பதினான்கு வருஷமாக வேலை. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத கூடம். ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், மறுபக்கம் ஆவியில் தேய்க்கும் இயந்திரம், நடுவில் மலை மலையாக விரிப்புகள். மடித்து மடித்து இரண்டு மணிக்கட்டும் வீங்கிப்போயிருந்தன. காலையில் பல் துலக்க பிரஷைப் பிடித்தாலே வலிக்கும்.

அந்தக் கூடத்துக்கு எதிரேதான் எக்ஸ்ரே அறை. துவைத்த அங்கிகளைக் கொண்டுபோய் அடுக்கும் சாக்கில் சித்தி அங்கே கொஞ்சம் நின்று வேடிக்கை பார்ப்பாள். படம் எடுக்கும் பெண் ஒரு தரம் அவளைக் கூப்பிட்டு, யாருடைய உடைந்த கையோ ஒன்றைத் திரையில் காட்டினாள். சித்திக்கு அன்றே மனசு அதில் போய் ஒட்டிக்கொண்டது. வெளிச்சமான அறை, சுத்தமான வேலை, வலியோடு வருகிறவரிடம் நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசுகிற வேலை. எக்ஸ்ரே படிப்பில் சேர்ந்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

வருஷத்துக்கு இருபத்திநாலு பேரைத்தான் அதில் எடுப்பார்கள். அதற்கு முன்னால் ஐந்து பாடங்களை முடித்திருக்க வேண்டும். சித்தி ஆறு மாதத்துக்கு ஒன்று என்று முடித்துக்கொண்டு வந்தாள். உயிரியல், உடற்கூறு, மொழி, கணினி. நடுவில் மாமியார் படுத்த படுக்கையானதில் இரண்டு வருஷம் புத்தகத்தைத் தொடவே இல்லை. கணக்கு என்றாலே பயம் என்பதால், பிடிக்காத காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவது போல அதைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தாள். இன்னொரு சங்கடமும் இருந்தது. உயிரியலில் வாங்கிய மதிப்பெண் ஐந்து வருஷம்தான் செல்லும். இந்த வருஷ சேர்க்கையைத் தவறவிட்டால் அது காலாவதி. மருந்துப் புட்டி காலாவதி ஆகும், சரி. ஒருத்தி கண்விழித்துப் படித்தது எப்படிக் காலாவதி ஆகும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் சட்டம் அப்படி.

இனி காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகத்தில் மற்ற மாணவர்கள் பாடத்தைப் பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். இவர்கள் காரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

கல்லூரி ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையைத் தாண்டி இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ் அதன் இஷ்டத்துக்குத்தான் வரும். நாலு மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸில் போனால், வகுப்பு பாதி முடிந்திருக்கும். சித்தியைக் காப்பாற்றியவர் அதே குடியிருப்பின் மூன்றாம் மாடிக்காரர். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது எல்லோருக்கும் லிஃப்ட் கொடுக்கிறார். லிஃப்ட் மாமா என்று பெயர் வைக்க யாரும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

மாமா கல்லூரிக்குப் போனது மரவேலை படிக்க. முதல் நிலை, இரண்டாம் நிலை, அதன் பிறகு மறுபடியும் முதல் நிலை. ஐந்து வருஷத்தில் ஒரு நாற்காலி செய்திருந்தார். அதில் உட்கார்ந்தால் ஆடும். "ஆடற நாற்காலின்னு சொல்லியே வித்துடுங்களேன்," என்று அவர் மனைவி சொல்வாள். மாமாவுக்கு அதெல்லாம் உறைக்காது. மரத்தூளோடு திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பரீட்சையே இல்லாத படிப்பு எவ்வளவு சுகம் என்று தெரியும். மரவேலை வகுப்பு செவ்வாய், வியாழன் மாலை. எனவே கார் போவது செவ்வாய், வியாழன். எனவே சித்தி படித்த அத்தனை பாடங்களும் செவ்வாய், வியாழன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகளும் காரில் ஏறினாள். சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பல்கலைக்கழகம் கைவிரித்ததில் வாலு சுருண்டுபோயிருந்தாள். அவள் அம்மா அதற்கு மேல். "எல்லாரும் போற காலேஜ்லயா என் பொண்ணும் போகணும்?" என்று தங்கையிடமே கேட்டாள், தங்கை அங்கேதான் படிக்கிறாள் என்பதை மறந்துவிட்டுக் கேட்டாளா, மறக்காமல் கேட்டாளா, தெரியாது. இரண்டு வருஷம் இங்கே நன்றாகப் படித்தால் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வாலுவின் கண் முழுக்க அதில்தான்.

படிப்பு ஆலோசகர் என்று கல்லூரியில் ஒருவர் உண்டு. யாருக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அவர் அறை காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை திறந்திருக்கும். சித்தி காரைவிட்டு இறங்குவது ஐந்தரைக்கு. நாலரை வருஷத்தில் அந்த அறையின் பூட்டை மட்டும் அவள் பலமுறை பார்த்திருக்கிறாள்.

கடைசிப் பாடத்துக்குப் பதிய வேண்டிய நாளில் மூவரும் காரில் வந்துகொண்டிருந்தார்கள். வாலு போனை நோண்டிக்கொண்டே சொன்னாள்.

"சித்தி, உனக்கும் கணக்கு பாக்கிதானே? எனக்கும் ஒரு கணக்கு வேணும். புள்ளியியல்னு ஒண்ணு செவ்வாய் வியாழன் இருக்கு. சேர்ந்தே போட்டுடவா?"

"எனக்கு அது ஆகுமா, பாருடி."

"கணக்குன்னா கணக்குதான் சித்தி. எனக்கு ஆகுதே."

"போட்டுடும்மா," என்றார் மாமா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "மூணு பேரும் ஒண்ணா போயிட்டு ஒண்ணா வந்துடலாம்."

வாலு கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினாள். முடிந்துவிட்டது.

புள்ளியியல் வாத்தியார் சித்தியைவிட இளையவர். மூன்று கல்லூரிகளில் பாடம் எடுப்பவர். எதிலும் அவருக்கென்று ஒரு மேஜை கிடையாது. சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் வண்டி நிறுத்துமிடத்துக்குத்தான் போக வேண்டும். காரின் பின் கதவைத் திறந்து, விடைத்தாள் கட்டுகளை நகர்த்திவிட்டு, அங்கேயே நோட்டை விரித்துச் சொல்லிக்கொடுப்பார்.

முதல் இரண்டு வாரம் சித்திக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது வாரம், ஒரு கூட்டத்தில் கொஞ்சத்தை எடுத்துப் பார்த்து மொத்தத்தைச் சொல்வது எப்படி என்று வாத்தியார் தொடங்கினார். சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதைத்தானே தினமும் செய்கிறோம். ஆயிரம் விரிப்பில் ஐம்பதை உருவிப் பார்த்து, கறை எத்தனை, கிழிசல் எத்தனை என்று பார்த்து, மொத்தமும் மறுபடி துவைக்கப் போக வேண்டுமா என்று மேற்பார்வையாளரிடம் சொல்வது அவள்தானே. அதைச் சொன்னபோது வகுப்பே அவள் பக்கம் திரும்பியது. வாத்தியார் பலகையில் இருந்ததை அழித்துவிட்டு, "சரி, விரிப்பையே வச்சுக்குவோம்," என்றார்.

அதன் பிறகு சித்தியைப் பிடிக்க முடியவில்லை. வாலுவோ இடைத்தேர்வில் தோற்றாள். கணக்கில் தோற்றால் பல்கலைக்கழகம் கனவுதான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சித்தியின் சமையலறை மேஜையில் அவளை உட்கார வைத்து, சித்தி ஐஸ் பையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். திட்டினாள், கெஞ்சினாள், ஒரு தரம் தலையில் குட்டக்கூடக் குட்டினாள். முடிவு வந்தபோது சித்திதான் வகுப்பில் முதல். வாலுவும் நல்லபடியாகத் தேறியிருந்தாள்.

சித்தி ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, எக்ஸ்ரே படிப்புக்கு விண்ணப்பத்தைத் தானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கடைசி நாளுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

கவுண்டரில் இருந்த குமாஸ்தா காகிதங்களைப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"கணக்கு எங்கம்மா?"

"இதோ இருக்கே சார். வகுப்புல நான்தான் முதல்."

"அது புள்ளியியல். எக்ஸ்ரேக்குத் தொழில்நுட்பக் கணிதம் வேணுமே. இது செல்லாது."

"ரெண்டும் கணக்குதானே சார்?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது," என்றார் அவர். "ஆனா கம்ப்யூட்டர்ல போட்டா ஏத்துக்காது. பாருங்க, நீங்களே பாருங்க." திரையை அவள் பக்கம் திருப்பினார். சித்தியின் பெயருக்கு எதிரே நாலு பச்சைக் கட்டமும் ஒரு சிவப்புக் கட்டமும் இருந்தன.

"அந்தக் கணிதம் எப்ப சார் நடத்துவாங்க?"

"திங்கள், புதன். மத்தியானம் ஒரு மணி. அடுத்த பருவத்துல."

அடுத்த பருவம் முடிந்து அடுத்த வருஷ சேர்க்கை வருவதற்குள் உயிரியல் காலாவதி ஆகிவிடும். உயிரியலை மறுபடி படித்து முடிப்பதற்குள் உடற்கூறும் காலாவதி. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள்.

"நானும் இங்கதான் படிச்சேன்மா," என்றார் குமாஸ்தா தாழ்ந்த குரலில். "ரெண்டு வருஷப் படிப்பு. எனக்கு எட்டு வருஷம் ஆச்சு. ஒரு மனு இருக்கு, எழுதிக் கொடுத்துப் பாருங்க."

முன்னாலேயே தெரிந்திருந்தால் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டிருக்கலாம். மேற்பார்வையாளர் இரக்கமில்லாதவர் அல்ல. இன்னொருத்திக்குக் குழந்தை பிறந்தபோது ஆறு மாதம் மாற்றிக் கொடுத்தவர்தான். காலில் விழுந்தாவது வாங்கியிருக்கலாம். ஒரு மணி வகுப்புக்கு முன்னதாகவே பஸ்ஸுக்கு நின்றிருக்கலாம். இந்த 'லாம்' எல்லாம் அவளோடு சேர்ந்து இரண்டு பஸ்ஸிலும் ஏறி வீடுவரை வந்தன.

மனுவுக்கு வாத்தியாரின் கையெழுத்து வேண்டும். செவ்வாயன்று வண்டி நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தாள். அவர் கையெழுத்து மட்டும் போடவில்லை; இவ்வளவு நல்ல மாணவியை நான் பார்த்ததில்லை என்று ஒரு பக்கம் எழுதியும் கொடுத்தார். எழுதி முடித்துவிட்டு, "என் எழுத்துக்கு இங்க எவ்வளவு மதிப்புன்னு எனக்கே தெரியல சித்தி," என்றார். அடுத்த பருவம் அவருக்கு அங்கே வேலை உண்டா என்பதையே யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

வியாழனன்று வேலையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, மாமாவையும் சீக்கிரம் கிளப்பிக்கொண்டு, எக்ஸ்ரே துறைத் தலைவியைப் பார்த்தாள். அந்த அம்மாள் சித்தியை உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், மனுவை முழுக்கப் படித்தாள். "உங்களை மாதிரி ஒருத்தங்கதான் எங்களுக்கு வேணும்," என்றாள். "ஆனா இதை நான் முடிவு பண்ண முடியாது. குழு கூடித்தான் முடிவு பண்ணணும். குழு அடுத்த மாசம் இருபதாம் தேதி கூடுது."

"விண்ணப்பத்துக்கு நாளைக்குக் கடைசி நாளுங்களே."

"தெரியும்மா," என்றாள் தலைவி. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னாள்.

எல்லோரும் நல்லவர்களாக இருப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. திட்டித் தீர்க்க ஒரு ஆளாவது வேண்டாமா? குமாஸ்தா நல்லவர், வாத்தியார் நல்லவர், தலைவி நல்லவள். அத்தனை நல்லவர்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சித்தியின் கணவருக்குப் பேக்கரியில் வேலை. விடிகாலையில் மாவு பிசையப் போகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாது. அவரே, "நான் ஒருநாள் வந்து சத்தம் போடட்டுமா?" என்று கேட்டார்.

"யாரைப் பார்த்துச் சத்தம் போடுவீங்க?" என்றாள் சித்தி.

அவர் யோசித்துப் பார்த்தார். அவள் மணிக்கட்டில் தைலம் தேய்த்துவிட்டுப் படுக்கப் போனார்.

அந்த வாரமே மாமாவும் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம், சாயங்கால வெளிச்சத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். "நாற்காலியை வீட்லயே சரி பண்ணிக்கறேன். உனக்குத்தான் கஷ்டம்," என்றார். "எனக்கென்ன மாமா, இப்ப எங்கயும் போக வேண்டியதில்லையே," என்றாள் சித்தி. அவரைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்கே அழுகை வந்தது.

பத்து நாள் கழித்து வாலுவுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் வருஷத்தில் சேர்ந்துகொள்ளலாம், விடுதியில் அறை உண்டு. அக்கா வீட்டில் ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். சித்தி போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் பொறாமை என்று பேர் வரும். அதோடு, அவளுக்கு வாலுமேல் பொறாமை இல்லவே இல்லை. அந்தக் கடிதத்தில் பாதி தன் சமையலறை மேஜையில் எழுதப்பட்டது என்று நெஞ்சு நிமிரத்தான் செய்தது.

அக்காவே எல்லோர் முன்னாலும் சொன்னாள். "என் தங்கச்சி இல்லைன்னா இவ கணக்குல தேறியிருக்கவே மாட்டா." சித்தியின் கணவர் சிரித்தார். லிஃப்ட் மாமா கைதட்டினார்.

சாப்பிட்டு முடித்துச் சித்தி தட்டுகளைக் கழுவ உள்ளே போனாள். பின்னாலேயே வாலு வந்து கதவோரம் நின்றாள்.

"சித்தி, உனக்கு ஏன் கிடைக்கலைன்னு நான் காலேஜ் வெப்சைட்டுல போய்ப் பார்த்தேன். அந்தக் கணக்கு உனக்குச் செல்லாதாமே."

"ஆமா."

"நான்தானே பதிஞ்சேன்." "நீ பாருன்னு சொன்னே. நான் பார்க்கவே இல்ல. நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்ல சித்தி."

சித்தி குழாயை மூடினாள். பெண்ணின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அடுத்த வாரம் புது ஊர், புது இடம். இந்தச் சுமையோடு அனுப்புவதா? சித்திக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அட அசடே. எனக்கு அப்பவே தெரியும்டி. நீ பதிஞ்ச அன்னைக்கே போய்ப் பார்த்துட்டேன். திங்கள் புதன்னா நமக்கு வண்டி ஏது? எப்படியாவது கெஞ்சி ஏத்துக்க வெச்சுடலாம்னு நான்தான் விட்டுட்டேன். உன் மேல என்ன தப்பு?"

"நிஜமா?"

"நிஜமா."

இல்லை சித்தி, நீ பொய் சொல்றே என்று அவள் அடம்பிடிப்பாள், நாமும் நாலு சத்தியம் பண்ணி நம்ப வைக்க வேண்டியிருக்கும் என்றுதான் சித்தி நினைத்தாள். வாலு நம்பிவிட்டாள். உடனே நம்பிவிட்டாள். "அப்பாடா," என்று நெஞ்சில் கைவைத்தாள். ஈரக்கையோடு நின்ற சித்தியைக் கட்டிப்பிடித்து, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, துள்ளிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

சித்திக்கு எங்கேயோ சுருக்கென்றது. இவ்வளவு நாளும் அந்தத் தப்பில் தனக்குத் துணையாக இன்னொருத்தி இருந்திருக்கிறாள் என்பது, அவள் போன பிறகுதான் தெரிந்தது.

கூடத்தில் அக்கா கேட்பது காதில் விழுந்தது. "என்னடி, சித்தியைப் பார்த்து என்னமோ கேக்கணும்னு இருந்தியே, கேட்டியா?"

"கேட்டேம்மா. சித்திக்கு முன்னாடியே தெரியுமாம். அவங்கதான் பார்த்துக்கலாம்னு விட்டுட்டாங்களாம்."

"அதானே பார்த்தேன்," என்றாள் அக்கா. "அவ சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். எதையும் ஒழுங்கா கவனிக்க மாட்டா."

யாரும் மறுத்துப் பேசவில்லை. சித்தியின் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்திருப்பார், அவருக்குத்தான் சத்தமாகப் பேச வராதே. சித்தி துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கதவுவரை வந்தாள். வந்தவள், சொல்வதற்குத் தன்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று கண்டு, கழுவிய தட்டுகளை எங்கே அடுக்குவது என்று அக்காவிடம் கேட்டாள்.